நிற்கத் தெரிந்த வண்டி

அறுபத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு மனிதன் தன் உடம்புக்கென்று அளவெடுத்து ஒரு சைக்கிள் செய்யச் சொல்லியிருக்கிறான் என்று தெரிந்தால், நண்பர்கள் இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். "எதற்கு?" என்பது ஒன்று. "எவ்வளவு ஆயிற்று?" என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்விக்கு என் வீட்டில் ஒரு தொகையைச் சொல்லி வைத்திருக்கிறேன். அது உண்மையான தொகை அல்ல. ஆகையால் அந்த விஷயத்தை அச்சில் ஏற்றிக் குடும்ப அமைதியைக் குலைத்துக்கொள்ளப் போவதில்லை. முதல் கேள்விக்கு மட்டும் இங்கே உள்ளபடியே பதில் சொல்லிவிடுகிறேன்.

பிரேக்குக்காகத்தான் செய்துகொண்டேன்.

சிரிக்க வேண்டாம். ஓடுவதற்காக வண்டி வாங்குகிறவர்கள் ஆயிரம் பேர் உண்டு. நிற்பதற்காக வாங்கினவன் நான் ஒருவனாகவே இருக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். சைக்கிளின் சரித்திரத்தை எழுதியவர்கள் எல்லோரும் அதை ஓட வைத்தவர்களைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். பெடல் வைத்தவர் யார், பின்சக்கரத்துக்குச் செயின் மாட்டினவர் யார், டயரில் காற்றை அடைத்தவர் யார் என்றெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சொல்லும். அதை நிற்க வைத்தவர்கள் யார் என்று கேட்டால், கேட்டவனை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். நானும் இந்த விஷயத்தைத் தேடிப் படித்திருக்க மாட்டேன். படிக்க வைத்த காரணம் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் மலைப்பாதையில், கீழிருந்து எண்ணினால் பன்னிரண்டாவது கொண்டை ஊசி வளைவில் இருக்கிறது.

என் தகப்பனார் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். நாங்கள் சேலத்தில் குடியிருந்தோம். திங்கட்கிழமை காலையில் தோட்டத்து லாரியில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு மேலே போவார். சனிக்கிழமை சாயங்காலம் அதே சைக்கிளில் இறங்கி வருவார். ஹேண்டில்பாரிலிருந்து சக்கரம் வரைக்கும் இரும்புக் கம்பிகளால் இழுக்கப்படும் பிரேக் கொண்ட கறுப்பு வண்டி. புறப்படுமுன் ஒரு காரியத்தைத் தவறாமல் செய்வார். காய்ந்து விழுந்த கனமான கிளை ஒன்றைப் பொறுக்கி, கயிற்றால் கேரியரில் கட்டி, தரையோடு தரையாக இழுபடும்படி விட்டுவிடுவார். வண்டி இறங்குகிற வேகத்தை அந்தக் கிளை பிடித்து இழுக்கும். அடிவாரம் வந்ததும் அதைத் தூக்கிக் கேரியரில் வைத்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை வெந்நீர் அடுப்பில் எரிவது எங்கள் அப்பாவின் பிரேக்தான்.

1968-ம் வருஷம் அக்டோபர் மாதம் ஒரு சனிக்கிழமை. எனக்கு ஒன்பது வயது; மூன்று நாளாக ஜுரம். அம்மா லாரிக்காரரிடம், "பையனுக்கு உடம்பு சரியில்லை, சீக்கிரம் வரச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அன்றைக்கு அப்பா கிளை கட்டவில்லை. வழியில் மழை பிடித்துக்கொண்டது. பன்னிரண்டாவது வளைவில் வண்டி திரும்பாமல் நேரே போய்க் கைப்பிடிச் சுவரில் மோதியது. தொடை எலும்பு முறிந்து நாலு மாதம் படுக்கையில் கிடந்தார். எழுந்தபோது ஒரு கால் குட்டையாகிவிட்டது. மலை வேலை போயிற்று. கீழே ஒரு மண்டியில், முன் சம்பளத்தில் பாதிக்கு, கணக்கெழுத உட்கார்ந்தார்.

"தலைதெறிக்க ஓட்டிக்கொண்டு வந்திருப்பார்" என்று அம்மா சொன்னாள். அடுத்த முப்பது வருஷமும் அதையேதான் சொன்னாள். உறவினர்களும் அதை ஒப்புக்கொண்டார்கள். அப்பா ஒரே ஒரு தடவை வாய் திறந்து, "பிரேக்கைப் பிடித்தேன், வண்டி நிற்கவில்லை" என்றார். விழுந்தவன் எவன்தான் வேறு மாதிரி சொல்வான் என்று என் மாமா சிரித்தார். அதற்குப் பிறகு அப்பா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. 1999-ல் காலமானார். வண்டி மட்டும் எங்கள் பின்கட்டில், சாக்குத் துணி போர்த்தி, சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது.

இனிச் சரித்திரத்துக்கு வருவோம்.

ஜெர்மனியில் மன்ஹைம் நகரத்தில் கார்ல் டிரைஸ் என்று ஒரு பிரபு இருந்தார். 1817-ம் வருஷம் ஜூன் 12-ம் தேதி, இரண்டு மரச் சக்கரங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துச் செய்த ஒரு வண்டியில் ஏறி, ஊருக்கு வெளியே ஏழு கிலோமீட்டர் தூரம் போய், ஒரு மணி நேரத்துக்குள் திரும்பி வந்தார். அந்த வண்டிக்குப் பெடல் கிடையாது. உட்கார்ந்தபடியே காலால் தரையை உந்தி உந்தித்தான் போக வேண்டும். ஆனால் ஒரு விஷயம் என்னை ஆச்சரியத்தில் ஆழ்த்தியது. பின்சக்கரத்தை உரசி நிறுத்துவதற்கு, கயிற்றால் இழுக்கிற ஒரு பிரேக்கை அவர் வைத்திருந்தார்! பெடல் பிறப்பதற்கு நாற்பது வருஷத்துக்கு மேல் இருக்கும்போதே பிரேக் பிறந்துவிட்டது. டிரைஸ் பிரபு வனத்துறை அதிகாரியாக இருந்தவர். மேட்டில் ஏறினவன் இறங்கியாக வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

1860-களில் பாரிஸ் நகரத்தில் மிஷோ என்பவரின் பட்டறையிலிருந்து பெடல் வைத்த வண்டிகள் வந்தன. மரச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போட்டிருந்தது. ஹேண்டில்பாரைக் கையால் முறுக்கினால் ஒரு கயிறு சுற்றிக்கொள்ளும். அந்தக் கயிறு ஒரு கட்டையைப் பின்சக்கரத்தின் மேல் அழுத்தும். பிறகு, முன்சக்கரம் ஆள் உயரத்துக்கும் பின்சக்கரம் முறம் அளவுக்கும் இருக்கிற அந்த விசித்திர வண்டி வந்தது. படத்தில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதற்கும் பிரேக் உண்டு. முன்சக்கரத்து ரப்பர் மேல் கரண்டிபோல ஒரு தகடு வந்து அழுந்தும். அதை பலமாகப் பிடித்தால் சக்கரம் நிற்கும். ஓட்டுகிறவர் நிற்க மாட்டார். சக்கரத்துக்கு மேலேயே உட்கார்ந்திருந்தவர் தலைகுப்புற முன்னால் போய் விழுவார். ஆகவே இறக்கத்தில் அனுபவசாலிகள் இரண்டு கால்களையும் தூக்கி ஹேண்டில்பாருக்கு மேலே போட்டுக்கொண்டு இறங்குவார்களாம். விழத்தான் வேண்டுமென்றால் தலைக்குப் பதில் கால் முன்னே போகட்டும் என்ற ஏற்பாடு!

1885-ல் இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி, இரண்டு சக்கரங்களையும் ஏறக்குறைய ஒரே அளவாக்கி, பின்சக்கரத்துக்குச் செயின் மாட்டி, ரோவர் என்ற வண்டியைச் செய்தார். இன்றைக்கு நாம் சைக்கிள் என்று சொல்வது அதைத்தான். மூன்று வருஷம் கழித்து, பெல்பாஸ்ட் நகரத்தில் கால்நடை வைத்தியம் பார்த்துவந்த ஜான் பாய்ட் டன்லப், தம் பிள்ளையின் மூன்று சக்கர வண்டி குலுங்குகிறதே என்று ரப்பர்க் குழாயில் காற்றை அடைத்துச் சக்கரத்தில் சுற்றினார். உலகம் அவரைக் கொண்டாடியது. கொண்டாடியவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. அதுவரைக்கும் பிரேக் என்றால் டயரின் மேல் ஒரு கட்டையை அழுத்துவது என்றுதான் பொருள். காற்றடைத்த மெல்லிய டயரை அப்படி அழுத்தினால் அது தேய்ந்து கிழிந்துவிடாதா? டன்லப்பின் டயர் சைக்கிளை வேகமாக ஓடவும் வைத்தது. அதன் பழைய பிரேக்கையும் பறித்துக்கொண்டது.

சைக்கிள் பிரேக்கின் கதை முழுவதும் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. சக்கரம் ஒரு படி உயரும்போதெல்லாம் பிரேக் இருந்த இடத்தை இழந்து ஒரு படி உள்ளே நகர்ந்திருக்கிறது. டயரை விட்டு ரிம்முக்கு வந்தது. ரிம்மை விட்டு, சமீப காலத்தில், சக்கரத்தின் நடுவுக்கே வந்துவிட்டது.

ரிம்முக்கு வந்த கதையை முதலில் சொல்லுகிறேன். 1896-ல் எர்னஸ்ட் பவுடன் என்பவர், சுருள் கம்பியால் ஆன குழாய்க்குள் மெல்லிய கம்பிக் கயிறு ஒன்று ஓடும்படி செய்து உரிமைப் பத்திரம் வாங்கினார். எங்கே வேண்டுமானாலும் வளைத்துக் கொண்டுபோய் இழுக்கலாம். இன்றைக்கும் சைக்கிள் கடையில் "பிரேக் ஒயர்" என்று கேட்டு வாங்குகிறோமே, அதன் மூதாதை இதுதான். அமெரிக்காவில் 1898 வாக்கில், பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே பிடித்து நிறுத்துகிற ஏற்பாடு கடைக்கு வந்தது. ஆனால் இங்கிலாந்தின் சாதாரண ஜனங்களுக்கு உகந்ததாக நிலைத்தது இரும்புக் கம்பி பிரேக். கம்பி இழுக்க, லாடம்போல வளைந்த ஒரு சட்டம் மேலே எழும்பி, அதிலுள்ள இரண்டு ரப்பர்க் கட்டைகளும் ரிம்மின் உட்பக்கத்தில் போய் அழுத்தும். உறுதியானது, அறுந்து போகாது, கிராமத்துக் கொல்லன்கூட நிமிர்த்திக் கொடுப்பான். அதே அமைப்புத்தான் கடல் கடந்து இந்தியாவுக்கு வந்து, பால்காரர்களையும் தபால்காரர்களையும் வாத்தியார்களையும் என் அப்பாவையும் சுமந்தது.

அதில் ஒரே ஒரு குறை. இரும்பு ரிம் துருப்பிடிக்காமல் இருக்கக் கண்ணாடிபோல் பளபளக்கும் குரோமியப் பூச்சுப் பூசுவார்கள். வழவழப்பான அந்தப் பூச்சின் மேல் மழைத் தண்ணீர் படிந்தால் ரப்பர்க் கட்டைக்குப் பிடி கிடைப்பதில்லை. கட்டை தண்ணீரை வழித்து எறிவதற்குள் சக்கரம் பல சுற்றுச் சுற்றிவிடும். கொட்டுகிற மழையில் அது வழிக்க வழிக்க மறு தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். இந்தச் சங்கதி மேல்நாட்டில் தெரியாதது அல்ல. மழைக்காலத்துக்கென்று தோல் வைத்துச் செய்த பிரேக் கட்டைகள் அங்கே விற்றிருக்கிறார்கள். மலைப்பாதையில் மரக்கிளையைக் கட்டி இழுப்பதும் என் அப்பாவின் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவின் மலைகளில் சைக்கிளில் சுற்றினவர்கள் அதையே செய்திருக்கிறார்கள். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலையில் பின்கட்டுக்குப் போய்ச் சாக்கை எடுத்தேன். வண்டிக்கு எண்ணெய் போட்டு, புது டயரும் புதுப் பிரேக் கட்டையும் மாட்டச் செய்தேன். எங்கள் தெருவின் கோடியில் ஆள் நடமாட்டமில்லாத சமதளச் சாலை ஒன்று உண்டு. சுண்ணாம்பால் ஒரு கோடு கிழித்து, நிதானமான வேகத்தில் வந்து, கோட்டைத் தொட்டதும் இரண்டு பிரேக்கையும் அழுத்தினேன். வண்டி நின்றதும் இறங்கிக் காலடியால் அளந்தேன். பத்து அடி வைப்பு. அடுத்தாற்போல் ஒரு குடம் தண்ணீரை இரண்டு ரிம்களிலும் ஊற்றிவிட்டு, அதே வேகத்தில் வந்து, அதே கோட்டில் அழுத்தினேன். பிரேக் பிடித்திருக்கிறதா என்ற சந்தேகம் வந்து குனிந்து பார்த்தேன். கட்டை ரிம்மோடு ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. வண்டி போய்க்கொண்டே இருந்தது. நாற்பத்தைந்து காலடி! அதுவும் சமதளத்தில்.

சுவர் ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். "பிரேக்கைப் பிடித்தேன், வண்டி நிற்கவில்லை." அந்த மனிதர் ஐந்து வார்த்தைகூடப் பேசவில்லை. அத்தனையும் உண்மை.

மழையிலும் நிற்கிற சைக்கிள் என்று ஒன்று உலகத்தில் உண்டா என்று தேடினபோதுதான் டிஸ்க் பிரேக் என் கதைக்குள் வந்தது. டிஸ்க் என்றால் வேறொன்றுமில்லை. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய, துளைகள் போட்ட இரும்பு வட்டு. அதைச் சக்கரத்தின் குடத்தோடு சேர்த்து முடுக்கிவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் இரண்டு சிறு வில்லைகள் வந்து அதைக் கவ்வுகின்றன.

இதுவும் புதிய யோசனை இல்லை. பர்மிங்ஹாம் நகரத்தில் மோட்டார் கார் செய்துகொண்டிருந்த பிரெடெரிக் லான்செஸ்டர் என்ற மேதை 1902-லேயே இதற்கு உரிமைப் பத்திரம் வாங்கிவிட்டார். உலோகத்தின் மேல் உலோகம் உரசி, ஊரைக் கூட்டுகிற மாதிரி கிறீச்சிட்டதாம். சாலைகளும் அன்றைக்கு மோசம். யோசனை அரை நூற்றாண்டு தூங்கிற்று. ஆகாய விமானங்கள் அதை எழுப்பின. பிறகு 1953-ல் பிரான்சில் லெ மான் ஊரில் நடந்த இருபத்துநாலு மணி நேரக் கார்ப் பந்தயத்தில், டிஸ்க் பிரேக் வைத்த ஜாகுவார் கார் ஒன்று முதலாவதாக வந்தது. டோனி ரோல்ட்டும் டங்கன் ஹாமில்டனும் ஓட்டினார்கள். சராசரி வேகம் மணிக்கு நூறு மைலைத் தாண்டியது அந்தப் பந்தயத்தில் அதுவே முதல் தடவை. அதிக வேகம் போனதற்குக் காரணம் என்ஜின் மட்டும் அல்ல. வளைவு வரும்வரைக்கும் பயப்படாமல் ஓட்டி, கடைசி நேரத்தில் பிரேக் போட முடிந்ததுதான். அந்த பிரேக்கைச் செய்து கொடுத்த கம்பெனியின் பெயர் என்ன தெரியுமா? டன்லப்! அறுபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் சைக்கிளின் பிரேக்கைப் பறித்துக்கொண்ட பெயர், வட்டியோடு கடனை அடைத்துவிட்டது.

ஆனாலும் சைக்கிள் பந்தயக்காரர்கள் எளிதில் மசிகிறவர்கள் அல்ல. 1903-ல் பிரான்ஸ் தேசத்தைச் சுற்றும் "டூர் டி பிரான்ஸ்" பந்தயத்தைத் தொடங்கிய ஹென்றி டெக்ராஞ்ச் என்ற பெரிய மனிதர், உலோக ரிம்மையே தம் பந்தயத்தில் அனுமதிக்க மறுத்தவர். டயரை ரிம்மில் பசை போட்டு ஒட்டிய காலம் அது. மலையிறக்கத்தில் பிரேக் உரசி உலோக ரிம் சூடேறினால் பசை உருகி டயர் கழன்றுவிடும். ஆகவே மர ரிம்தான் வேண்டும் என்பது அவர் வாதம். 1934-ல் அந்தோனின் மாஞ் என்ற வீரர் அலுமினியக் கலப்பு ரிம்முக்கு மரத்தின் நிறத்தில் வர்ணம் அடித்து, அவர் கண்ணில் மண்ணைத் தூவிப் பந்தயத்தையும் ஜெயித்ததாக ஒரு கதை உண்டு. 1936-ல் டெக்ராஞ்ச் உடல்நலம் குன்றி விலகினார். மறு வருஷமே உலோக ரிம்முக்கு அனுமதி வந்துவிட்டது.

டெக்ராஞ்சின் பயத்தைப் பிற்காலத்தில் பலர் பரிகசித்தார்கள். ஆனால் எழுபது, எண்பது வருஷம் கழித்து அந்தப் பயம் திரும்பி வந்தது. இறகுபோல இலேசாக இருக்கட்டும் என்று ரிம்மைக் கார்பன் நாரும் பிசினும் சேர்த்துச் செய்ய ஆரம்பித்தார்கள். நீண்ட இறக்கத்தில் பிரேக் பிடித்தால் அந்தப் பிசின் சூட்டில் இளகிக்கொண்டது. மழையிலோ பிடியே குறைவு. நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நானும் வண்டியுமாக எண்பது கிலோ. ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் சக்தி முழுவதையும் பிடித்து ஒரு பாத்திரத்துக்கடியில் வைக்க முடியுமானால், இரண்டரை லிட்டர் தண்ணீர் கொதித்துவிடும். காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது. மற்றதெல்லாம் பிரேக்கில்தான் போய் முடிய வேண்டும். அந்தச் சூட்டை டயரும் காற்றும் இருக்கிற இடத்தில் வைத்துக்கொள்ளாமல் நடுவுக்குக் கொண்டுபோ என்பதுதான் டிஸ்க்கின் உபதேசம்.

1990-களில் மலைப்பாதைச் சைக்கிள்கள் அந்த உபதேசத்தை ஏற்றுக்கொண்டன. சாலைப் பந்தயத்துக்கு 2015-ல்தான் பரீட்சார்த்தமாக அனுமதி கிடைத்தது. 2016 ஏப்ரலில் பாரிஸ்-ரூபே பந்தயத்தில் பலர் மோதி விழுந்தபோது, ஸ்பெயின் தேசத்து வீரர் பிரான்சிஸ்கோ வென்டோசோவின் காலில் ஆழமான வெட்டு விழுந்தது. சுழலும் வட்டுத்தான் வெட்டிற்று என்று அவர் பகிரங்கமாகக் கடிதம் எழுதினார். இல்லை என்று வாதாடியவர்களும் உண்டு. பரீட்சை நிறுத்தப்பட்டது. வட்டின் ஓரங்களை மழுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு மறுபடி தொடங்கியது. 2017 ஜூலையில் மார்செல் கிட்டல் டிஸ்க் பிரேக் வண்டியில் டூர் டி பிரான்சின் ஒரு நாள் பந்தயத்தை முதன்முதலாக ஜெயித்தார். 2018 ஜூலையில் தடை அடியோடு நீங்கியது. வருஷக்கணக்கில் ஆராய்ச்சி, கோபதாபம், கடிதம், எதிர்க் கடிதம்! நிற்பதற்கு இத்தனை சண்டை.

கோயம்புத்தூரில் பீளமேட்டுப் பக்கம் சிறிய பட்டறை ஒன்றில், குழாய்களை வெட்டிப் பற்றவைத்துச் சைக்கிள் செய்யும் ஓர் இளைஞர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். தையற்காரர்போல என் கால், கை, தோள் எல்லாவற்றையும் அளந்தார். "ஐயா எதுக்கு ஓட்டப் போறீங்க?" என்று கேட்டார். "ஏற்காட்டிலிருந்து மழையில் இறங்க வேண்டும்" என்றேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு தரம் நன்றாகப் பார்த்தார்.

அவரிடம் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டது ஒரு புஸ்தகத்துக்கு வரும். டிஸ்க் வைத்தால் வண்டி முழுவதையும் மறுபடி யோசிக்க வேண்டும். முன்சக்கரத்து வட்டு இடது பக்கம் இருப்பதால், பிரேக் போடும்போது முழு இழுப்பும் போர்க்கின் இடது காலில் விழுகிறது. அந்தக் காலைக் கெட்டியாகச் செய்ய வேண்டும். அந்த இழுப்பு சக்கரத்தைப் பழைய மாதிரித் திறந்த பள்ளத்திலிருந்து பிடுங்கி எறியப் பார்க்கும். ஆகவே பள்ளத்தை மூடி, பன்னிரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு ஓர் அச்சுக்கம்பியைக் குடத்துக்குள் செருகி மறுபக்கத்தில் முடுக்கிவிடுகிறார்கள். குடத்தில் பிடிக்கிற பிடி ரிம்முக்குப் போய்ச் சேர வேண்டுமே, எப்படிப் போகும்? போக்ஸ் கம்பிகள் வழியாகத்தான். ஆகவே அவற்றை நேராக இழுக்காமல் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் பின்னுகிறார்கள்.

இன்னொன்று. சக்கரத்தின் குறுக்களவு அறுபத்தெட்டு சென்டிமீட்டர். வட்டின் குறுக்களவு பதினாறு. ஓரத்தில் பிடிப்பதற்குப் பதில் நடுவில் பிடித்தால் நாலு மடங்குக்கு மேல் பலம் வேண்டும். விரலுக்கு அந்தப் பலம் எங்கிருந்து வரும்? பிரான்ஸ் தேசத்து பாஸ்கல் பதினேழாம் நூற்றாண்டிலேயே சொல்லி வைத்த தத்துவத்திலிருந்து வருகிறது. மெல்லிய குழாயில் எண்ணெய் நிரப்பி, ஒரு முனையைச் சிறு உருளையால் அழுத்தினால், மறுமுனையில் பெரிய உருளை பன்மடங்கு பலத்தோடு தள்ளும். எண்ணெய் சுருங்காது. ஆனால் உள்ளே ஒரு குமிழ் காற்று இருந்தாலும் போயிற்று. காற்று சுருங்கிக்கொள்ளும், பிரேக் பஞ்சுபோல் ஆகிவிடும். அந்தக் காற்றைத் துளித் துளியாக வெளியேற்ற ஒரு பிற்பகல் முழுவதும் செலவழித்தார். குழந்தைக்கு விக்கல் எடுக்கிற தாயைப்போல அவர் குழாயைத் தட்டித் தட்டிப் பார்த்ததை நான் மறக்கமாட்டேன்.

"இதுல ஒண்ணு சொல்லிடறேன் ஐயா" என்றார். "எவ்வளவு நல்ல பிரேக் ஆனாலும் ஓர் அளவுக்கு மேல பிடிச்சா பின்சக்கரம் எழும்பி ஆளைத் தூக்கிப் போட்டுடும். அந்த எல்லையை எந்த பிரேக்காலயும் தள்ளி வைக்க முடியாது. இதனோட உபகாரம் என்னன்னா, வெயில்ல எப்படிப் பிடிக்குதோ மழையிலயும் அப்படியே பிடிக்கும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் எனக்கும் வேண்டியிருந்தது.

வண்டி வீட்டுக்கு வந்தது. முதல் வேலை, வில்லைகளை வட்டோடு பழக்க வேண்டும். வேகமாகப் போய், ஏறக்குறைய நிற்கும்வரை பிரேக் போட்டு, மறுபடி வேகமெடுத்து, இப்படி இருபது தடவை. வில்லையின் பொடி மெல்லியதாக வட்டின் மேல் படிந்தால்தான் பிடி சரியாக வருமாம். தெருவில் நான் ஓடி ஓடி நிற்பதைப் பார்த்த எதிர்வீட்டுக்காரர், "என்ன சார், ஏதாவது விழுந்துபோச்சா, தேடறீங்களா?" என்று கேட்டார். அவருக்கு விளக்குகிற உற்சாகத்தில், வட்டைக் கையால் தொட்டுக் காண்பித்துவிட்டேன். அன்று காலையில்தான் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த பிரேக்குக்கு வண்டி எழுப்பிய ஓலத்தில் மூன்று வீட்டு ஜன்னல்கள் திறந்தன. லான்செஸ்டர் மகானை அப்போது நினைத்துக்கொண்டேன். ஸ்பிரிட் போட்டுத் துடைத்த பிறகுதான் அது வாயை மூடிற்று.

பிறகு அதே சுண்ணாம்புக் கோடு. காய்ந்த வட்டில் ஆறு காலடி. ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன், ஏழு காலடி. அதற்குமேல் சோதனை எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஆனால் நான் போக வேண்டிய இடம் ஒன்று பாக்கியிருந்தது.

அக்டோபரில் மழை நாளாகப் பார்த்து, பட்டறை இளைஞரும் நானும் வண்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டு ஏற்காடு போனோம். தூறல் மழையாகிற வரைக்கும் ஏரிக்கரையில் காப்பி குடித்துக்கொண்டு காத்திருந்தோம். பிறகு இறங்கத் தொடங்கினோம். இருபது வளைவுகள். சாலையில் செம்மண் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முதல் வளைவில் என் கைகள் நடுங்கின. விரலை மெதுவாக மடக்கினேன். யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து, "பையப் போ" என்று சொல்வதுபோல வண்டி நிதானப்பட்டது. விரலை இன்னும் சற்று மடக்கினால் இன்னும் சற்று நிதானம். மூன்றாவது வளைவுக்குள் நடுக்கம் போய்விட்டது. அதற்குப் பிறகு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு உல்லாசமாகவே இருந்தது. நிற்கும் என்று தெரிந்தால் மனிதனுக்கு ஓடுவதில் எத்தனை சந்தோஷம் வந்துவிடுகிறது!

அப்பாவின் வளைவில் பிரேக்கைப் பிடித்தேன். வண்டி நின்றது. கைப்பிடிச் சுவருக்கும் எனக்கும் நடுவே நல்ல இடைவெளி இருந்தது. சுவரைப் புதிதாகக் கட்டி வெள்ளை அடித்திருந்தார்கள். இறங்கி, சுவரில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். இளைஞர் ஒன்றும் கேட்காமல் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

அம்மாவுக்கு இப்போது எண்பத்தெட்டு வயது. காது சற்று மந்தம். அன்றிரவு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ரிம், குரோமியம், தண்ணீர், பத்துக் காலடி, நாற்பத்தைந்து காலடி எல்லாவற்றையும் உரக்கச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்த பிறகும் வெகுநேரம் பேசவில்லை.

"அப்போ அவர் மெதுவாத்தான் வந்தாரா?" என்று கேட்டாள்.

"மெதுவாகத்தான் வந்திருப்பார் அம்மா. அந்த மழையில் யார் வந்திருந்தாலும் வண்டி நின்றிருக்காது."

"கிளையைக் கட்டியிருந்தா நின்னிருக்கும்" என்றாள். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "நான்தானேடா சீக்கிரம் வரச் சொல்லி அனுப்பினேன்" என்றாள்.

ஐம்பது வருஷத்துக்கு மேல் அவள் அப்பாவைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தது எதற்காக என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஜுரத்தில் கிடந்தவன் நான் என்பதும், அவர் ஓடி வந்தது எனக்காக என்பதும் நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த சமாசாரம். அதை அன்றைக்கு அவளிடம் சொன்னேன். அவள் கையை நீட்டி, ஜுரம் பார்ப்பதுபோல என் நெற்றியில் வைத்தாள்.

புது வண்டியும் பழைய வண்டியும் இப்போது பின்கட்டில் பக்கத்தில் பக்கத்தில் சாய்ந்து நிற்கின்றன. காலையில் நான் புறப்படும்போது அம்மா திண்ணையிலிருந்து குரல் கொடுக்கிறாள். முன்பெல்லாம் "சீக்கிரம் வந்துடு" என்பாள். இப்போது, "மெதுவா வா" என்கிறாள்.